சைக்கிள் கேள்வி–பதில்: ஒரு கால் மட்டும் இளைத்திருந்தால்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 43. ஞாயிறுதோறும் புதுச்சேரி கடற்கரைச் சாலை வரை சைக்கிளில் போய்த் திரும்புவேன். இரண்டு வருஷத்துக்கு முன் இடது கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தேன். இப்போது வலி இல்லை. ஆனால் இடது தொடை ஒல்லியாகத் தெரிகிறது. தவளக்குப்பம் தாண்டினால் வலது தொடை மட்டும் கடுக்கிறது. இன்னும் கொஞ்சம் அதிகமாக ஓட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பெடலைத் தாங்கும் இரண்டு கிராங்கும் (தண்டுகளும்) ஒரே அச்சில் பூட்டியவை. இடது கால் விட்ட குறையை வலது கால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும், சக்கரமும் அதே வேகத்தில் சுற்றும். அதிகமாக ஓட்டினால் வலதுதான் இன்னும் தேறும். உங்கள் பாதையில் மேடு என்று சொல்ல ஆற்றுப் பாலங்களை விட்டால் ஒன்றுமில்லை; அதனால் குறை இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

முதலில் அளந்து பாருங்கள். கால் நீட்டி உட்கார்ந்து, முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் கோடு போட்டு, தையல் டேப்பால் சுற்றளவு எடுங்கள். 1 செ.மீ. வித்தியாசத்துக்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். பலம்தான் முக்கியம். சுவரை விரலால் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழுக்க உயர்த்தி இறக்குங்கள். வலது 25 தடவை, இடது 14 தடவை என்று வந்தால் கெண்டைச் சதையும் தேற வேண்டும் என்று அர்த்தம்.

கணுக்கால் முறிந்தவர்கள் பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் கால் கட்டைவிரலை வைத்து இது முடிகிறது? இடது பக்கம் 2 செ.மீ.க்கு மேல் குறைந்தால் கணுக்கால் இன்னும் இறுகியிருக்கிறது. அதே நிலையில் தினமும் 30 விநாடி வீதம் மூன்று முறை நில்லுங்கள்.

பலத்துக்கு வாரம் மூன்று நாள் போதும்; சனிக்கிழமை வேண்டாம். முக்கியமானது படி ஏறுவது. 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள வாசற்படியில் இடது காலை வைத்து ஏறி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்குங்கள். 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று. எல்லாரும் செய்யும் தப்பு, கீழே இருக்கும் கால் விரலால் உந்திக்கொள்வது. அப்போது வேலை மறுபடி வலதுக்கே போய்விடும். கீழ்க்கால் விரல்களைத் தூக்கி, குதிகால் மட்டும் தரையில் படும்படி வைத்தால் ஏமாற்ற முடியாது. முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் படியின் உயரத்தைக் குறையுங்கள். 12 சுலபமானதும் முதுகுப் பையில் 2 கிலோ அரிசி, பிறகு 5 கிலோ. இதோடு ஒற்றைக் கால் குதிகால் உயர்த்தல், மல்லாந்து படுத்து ஒற்றைக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்குதல்.

எப்போதும் இடதில் தொடங்குங்கள். இடது 9 தடவை முடித்தால் வலதுக்கும் 9தான், அதற்கு எத்தனை தெம்பு மிச்சமிருந்தாலும். சில வாரங்களில் பலம் கூடும். தொடை பருக்க இரண்டு மூன்று மாதமாவது ஆகும், டேப்பைத் தினமும் எடுக்காதீர்கள். மரத்துப்போதல், நடக்கையில் பாதம் தொங்குதல், கெண்டைக்கால் திடீரென வீங்குதல் இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: பவர் மீட்டரில் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) இடது கால் 47 சதவீதம், வலது கால் 53 சதவீதம் என்று வருகிறது. சரிசெய்ய வேண்டுமா? (லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: வலி இல்லையென்றால் வேண்டாம். களைப்பிலும் வேகத்திலும் இந்த எண் மாறும். ஒரே பக்கம் வலித்தால் முதலில் சீட்டைப் பாருங்கள். பின்னாலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட் உயரம் அதிகம், 3 மி.மீ. இறக்கிப் பாருங்கள். இடது கிராங்கில் மட்டும் பொருத்தும் மீட்டர் இடது கால் அளவை இரட்டிப்பாக்கித்தான் மொத்தத்தைக் காட்டும். அதை வாங்கி இரு கால்களையும் ஒப்பிட நினைக்காதீர்கள்.