முதலில் அப்பாவிடம் கணக்குக் காட்டுங்கள்

கேள்வி: மின்சாரமும் எரிவாயுவும் வாங்கி விற்கும் நிறுவனத்தில் நஷ்ட அபாயத்தைக் கவனிக்கும் ரிஸ்க் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எரிசக்தி வர்த்தகத்துக்கான வெளிநாட்டு விருது ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என் பெயரை மட்டும் போடலாமா, ஜூனியர்கள் இருவர் பெயரையும் சேர்க்க வேண்டுமா? அவர்கள் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டிலும் நிம்மதி இல்லை. மாடி கட்ட அப்பா கொடுத்த ஆறு லட்சம் நேச்சுரல் கேஸ் டிரேடிங்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்குத் தெரியாது, விலை ஏறியதும் எடுத்துவிடுவேன்.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உழைத்தவர்கள் எல்லோர் பெயரும் போக வேண்டும். இந்தச் சண்டை எனக்கு எல்லா ஆபீஸிலிருந்தும் வருகிறது, அதில் பேச வேறொன்றும் இல்லை.

அந்த ஆறு லட்சத்துக்கு வருவோம். விண்ணப்பத்தில் என்ன எழுதப்போகிறீர்கள்? நஷ்டத்துக்கு வரம்பு வைத்தோம், தாண்டினால் பொசிஷனை, அதாவது கையிலிருக்கும் டிரேடை, மூடினோம், டிரேட் போடுகிறவரிடமே கணக்கை விடவில்லை, தினமும் அன்றைய விலையில் லாப நஷ்டம் மேலிடத்துக்குப் போனது. இதெல்லாம்தானே? வீட்டில் டிரேட் போடுவதும் நீங்கள், கணக்குப் பார்ப்பதும் நீங்கள், மறைப்பதும் நீங்கள். பணத்துக்குச் சொந்தக்காரருக்கு ஒரு வரி தகவல் இல்லை. ஆபீஸில் ஒருத்தர் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே அவர் லாகினை முடக்கியிருப்பீர்கள்.

'ஏறியதும்' என்கிறீர்களே, எம்சிஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் நேச்சுரல் கேஸ் ஒரு லாட், அதாவது ஒரு கட்டு, 1,250 எம்எம்பிடியு (எரிவாயுவை அளக்கும் அலகு). அலகுக்குப் பத்து ரூபாய் இறங்கினால் லாட்டுக்கு 12,500 ரூபாய் போச்சு. அமெரிக்காவில் குளிர் குறையும் என்று ஒரு வானிலை அறிக்கை வந்தால் போதும், அங்கே கேஸ் விலை விழும், இங்கே உங்கள் அப்பா பணம் கரையும். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க கச்சா எண்ணெய் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எம்சிஎக்ஸில் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாய் என்று கணக்குத் தீர்த்தார்கள். இதற்கு மேல் எங்கே இறங்கப்போகிறது என்று வாங்கி வைத்திருந்தவர்கள் கையிலிருந்து கட்டினார்கள். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

உங்கள் பக்கத்து மொட்டைமாடிகளில் பில்லர் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கடல் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க சிமெண்ட் பால் பூசி, பிள்ளை கட்டுவான் என்று வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். மேஸ்திரி எப்போது வருகிறார் என்று அப்பா கேட்டால் என்ன சொல்கிறீர்கள் தம்பி? அதை நீங்கள் எழுதவில்லை. கடனாகக் கேட்டு வாங்கித் தோற்றிருந்தால் இவ்வளவு பேச மாட்டேன். ஒன்றுக்கென்று கொடுத்ததை அவரைக் கேட்காமல் இன்னொன்றில் போட்டது துரோகம். பெற்றவர்கள் விஷயத்தில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

திங்கட்கிழமை மார்க்கெட் திறந்ததும் பொசிஷனை மூடுங்கள். மிச்சத்தை அவர் கணக்கில் போட்டு, ஸ்டேட்மென்ட்டை பிரிண்ட் எடுத்து அவர் முன்னால் வையுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். குறைவதை மாதாமாதம் சம்பளத்திலிருந்து கட்டுங்கள். கல்யாணமாகியிருந்தால், மனைவி நகை மேல் கண் வைக்க வேண்டாம்.

அப்புறம், நிறுவனம் வாங்கி விற்கும் சரக்கையே ஊழியர்கள் சொந்தக் கணக்கில் டிரேட் செய்வதற்குப் பல இடங்களில் தடை உண்டு, இல்லையென்றால் முன் அனுமதியாவது கேட்பார்கள். வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படித்துவிட்டு, நிறுவன விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அதிகாரியிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் பதில் சொல்லும்வரை விண்ணப்பத்தில் ஜூனியர்கள் இருவர் பெயர் மட்டும் இருக்கட்டும்.