ஏழெட்டு கேட்டால் திகைக்கும் மாவீரன்

அரக்கன் அட்டையில் வரும் பெருக்கலுக்கு விடை சொல்லி மகன் மாவீரனாகும் விளையாட்டில் அவன் திணறுகிறான், அட்டைகளை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாவீரன் அட்டைகளை மாற்ற வேண்டாம். அவற்றின் வரிசையைக் கலைத்துவிடுங்கள். ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென ஒப்பிக்கும் உங்கள் மகன், அரக்கன் அட்டையில் 7×8 வந்ததும் விழிப்பதற்குக் காரணம், அவன் அதைப் பாட்டாகவே மனப்பாடம் செய்திருப்பதாக இருக்கலாம்.

7×8 மட்டும் கேட்டு, உதட்டைக் கவனியுங்கள். "ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினான்கு" என்று முணுமுணுத்தால் அதுதான் சிக்கல்.

நாளுக்கு மூன்று கணக்கு போதும். 5, 6, 7, 8 என்று எழுதி 56=7×8 எனக் காட்டுங்கள்; அதுவே மாவீரனின் ரகசியச் சொல். மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு நம் திருநெல்வேலிப் பக்கம் நுங்கு இருக்கிறது: ஒரு காய்க்குப் பெரும்பாலும் மூன்று கண். நான்கு காய் சீவி வைத்தேன். என் மகள் பெருவிரலால் தோண்டித் தோண்டிப் பன்னிரண்டு எண்ணினாள்.

விடை சொல்ல நேரம் குறித்துக் கடிகாரம் மட்டும் வைக்காதீர்கள். பயந்த குழந்தைக்குத் தெரிந்த விடையும் வாயில் வராது.