கிரெம்ளினைப் பற்றி எழுதும் வெளிநாட்டு நிருபராக இன்றைக்கும் ஆக முடியுமா?

"ரஷ்ய அரசியலை எழுதும் வெளிநாட்டு நிருபராக வேண்டும் என்பது என் ஆசை. இப்போதைய நிலைமையில் அது நடக்குமா? எப்படித் தயாராவது?" என்று இதழியல் மாணவரான நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மாஸ்கோவில் வேலை பார்த்தவன் இல்லை. ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் நீண்ட காலம் இருந்தேன். இரவு ஷிஃப்டில் மாஸ்கோவிலிருந்து வரும் செய்தி ஏஜென்சிகளின் கட்டுரைகளைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரே ஊரைப் பற்றி எழுதுகிறவர்களை வருடக்கணக்கில் வரி வரியாகப் படித்தால், யார் ஊரைத் தெரிந்து எழுதுகிறார், யார் அறிக்கையைப் பார்த்து எழுதுகிறார் என்பது பிடிபட்டுவிடும். அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன்.

நடக்கும். ஆனால் இந்த வேலையின் அடிப்படைச் சிக்கலை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ, அவர்கள் கையில்தான் நீங்கள் அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி இருக்கும். ரஷ்ய வெளியுறவு அமைச்சகம் நிருபர் என்று அங்கீகரிக்கும் அக்ரெடிடேஷன் கார்டு கொடுத்தால்தான் நிருபருக்கு விசா. அதை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடிக்காத ஆளை வெளியேற்ற வழக்குப் போடக்கூடத் தேவையில்லை. கார்டியன் நாளிதழின் லூக் ஹார்டிங் 2007 முதல் மாஸ்கோ நிருபராக இருந்தவர். 2011 பிப்ரவரியில் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது விமான நிலையத்திலிருந்தே லண்டனுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிபிசியின் சாரா ரெயின்ஸ்ஃபோர்டை 2021 ஆகஸ்டில் தேசியப் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று சொல்லி வெளியே போகச் சொன்னார்கள். மாணவியாக இருந்த காலம் முதல் ரஷ்யாவை அறிந்தவர் அவர்.

அன்றாட வேலையை வெளியிலிருந்து பார்த்தால் எளிதாகத் தெரியும். கிரெம்ளினின், அதாவது ரஷ்ய அதிபர் மாளிகையின், செய்தித் தொடர்பாளர் திமித்ரி பெஸ்கோவ் வேலைநாட்களில் தொலைபேசி வழியாக நிருபர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். வெளியுறவு அமைச்சகத்தின் மரியா ஸகாரோவா வாராந்தரச் சந்திப்பு நடத்துவார். வருடக் கடைசியில் புதின் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார். இதையெல்லாம் அப்படியே எழுதி அனுப்ப ஒரு நிருபர் மாஸ்கோவில் குடியிருக்க வேண்டியதில்லை. சென்னையில் உட்கார்ந்து நானே எழுதிவிடுவேன். அவர் அங்கே இருப்பதன் அர்த்தம் வேறு.

அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வாஷிங்டன் போஸ்ட்டின் துஷ்கோ தோதெர். சரயேவோவில் பிறந்தவர், ரஷ்ய மொழி நன்றாகத் தெரிந்தவர். 1984 பிப்ரவரி 9ஆம் தேதி இரவு, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வழக்கமான நிகழ்ச்சிகளுக்குப் பதிலாகச் சோகமான செவ்வியல் இசை வருவதைக் கவனித்தார். காரை எடுத்துக்கொண்டு நகரத்தைச் சுற்றினார். ராணுவத் தலைமையகத்திலும் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் கட்டடத்திலும் அந்த நேரத்தில் எரியக் கூடாத விளக்குகள் எரிந்தன. 1982இல் முந்தைய தலைவர் பிரெஷ்னேவ் இறந்தபோதும் மாஸ்கோ இப்படித்தான் இருந்தது என்பது அவருக்கு நினைவிருந்தது. சோவியத் தலைவர் ஆந்த்ரோபோவ் இறந்துவிட்டார் என்பதற்கான அறிகுறிகள் தெரிகின்றன என்று செய்தி அனுப்பினார். வாஷிங்டன் அதிகாரிகள் அப்படி எதுவும் இல்லை என்று மறுக்கவே, ஆசிரியர் குழு தயங்கி, முதல் பக்கத்துக்குப் போக வேண்டியதை 28ஆம் பக்கத்தில் போட்டது. மறுநாள் மாஸ்கோ அதிகாரபூர்வமாக அறிவித்தது: ஆந்த்ரோபோவ் காலமானார். அமெரிக்க அரசுக்கே தெரியாதது, ஊரின் பழக்கவழக்கம் தெரிந்த ஒரு நிருபருக்குத் தெரிந்திருந்தது. யாரும் வாயைத் திறக்காத ஊரில் செய்தி இப்படித்தான் கிடைக்கும். அந்தத் திறமையை இணையத்தில் கற்க முடியாது. அங்கே வாழ்ந்தால்தான் வரும்.

ஆகவே அங்கே தொடர்ந்து இருப்பது நிருபருக்கு உயிர்நாடி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இருந்தாக வேண்டும் என்பதற்காக எதை எழுதாமல் விடுகிறோம் என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் வரும்.

இதில் மிக மோசமான உதாரணம், ஸ்டாலின் ஆட்சியில் உக்ரைனைப் பெரும் பஞ்சம் வாட்டிய 1933. வேல்ஸைச் சேர்ந்த காரெத் ஜோன்ஸ் என்ற 27 வயது இளைஞர், மாஸ்கோவிலிருந்து ரயில் ஏறி, உக்ரைனில் வழியிலேயே இறங்கி, கிராமம் கிராமமாக நடந்தார். ரஷ்ய மொழியைக் கேம்பிரிட்ஜில் படித்தவர். அவருடைய அம்மா இளவயதில் இன்றைய தோனெத்ஸ்க் நகரில் ஆசிரியையாக இருந்தவர். வீடு வீடாகப் பட்டினியைப் பார்த்துவிட்டு, மார்ச் 29ஆம் தேதி பெர்லினில் பத்திரிகையாளர்களிடம் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டே நாளில் நியூயார்க் டைம்ஸின் மாஸ்கோ நிருபர் வால்டர் துராந்தி அதை மறுத்து எழுதினார். மக்கள் பசியோடு இருக்கிறார்கள், பட்டினியில் சாகவில்லை என்பது அவர் வாதம். துராந்தி அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வாங்கியிருந்தார், ஸ்டாலினைப் பேட்டி எடுத்திருந்தார். அதே 1933 செப்டம்பரில் பிரிட்டிஷ் தூதரகத்தில் பேசும்போது, நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒரு கோடிப் பேர் வரை இறந்திருக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். தூதரகப் பதிவில் அது இருக்கிறது. தெரிந்தே எழுதவில்லை. ஜோன்ஸுக்குச் சோவியத் நாட்டுக்குள் வரவே தடை விதித்தார்கள். துராந்தியைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வரும். அவர் தந்திக்கு அந்தப் பக்கத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு குரல் இருக்கவில்லை.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். 2022 மார்ச்சில், ராணுவத்தைப் பற்றிப் "பொய்ச் செய்தி" பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் வந்தது. பல நிறுவனங்கள் தங்கள் ஆட்களை வெளியே எடுத்தன. எங்கள் டெஸ்க்குக்கு வந்த ரஷ்ய அரசியல் கட்டுரைகளின் தலையில், எங்கிருந்து எழுதியது என்று காட்டும் டேட்லைனில், மாஸ்கோவுக்குப் பதில் பெர்லின், லாட்வியாவின் ரீகா என்ற பெயர்கள் கூடிக்கொண்டே போயின. கட்டுரைகளில் தகவல் இருந்தது. ஆனால் ரொட்டிக் கடை வரிசையில் நிற்பவர் என்ன சொன்னார் என்பது குறைந்துபோனது. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிந்தது.

அங்கேயே தொடர்ந்து எழுதியவர்களில் ஒருவர் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் எவான் கெர்ஷ்கோவிச். சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். ரஷ்ய மொழி அவர் வீட்டுப் பேச்சு. 2017இல் மாஸ்கோ டைம்ஸ் என்ற சிறிய ஆங்கிலப் பத்திரிகையில் சேர்ந்து, பிறகு பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏஎஃப்பி, அப்புறம் ஜர்னல் என்று படிப்படியாக வளர்ந்தார். 2023 மார்ச் 29ஆம் தேதி யெகாதெரின்பர்க்கில் செய்தி சேகரிக்கப் போனபோது, ரஷ்ய உளவுப் பிரிவான எஃப்எஸ்பி அவரைக் கைது செய்தது. ஜோன்ஸ் பெர்லினில் பேசிய நாளுக்குச் சரியாகத் தொண்ணூறு வருடம் கழித்து. டாங்கித் தொழிற்சாலை பற்றி சிஐஏவுக்காக ரகசியம் திரட்டினார் என்று குற்றம் சாட்டினார்கள். அவரும் பத்திரிகையும் அமெரிக்க அரசும் மறுத்தார்கள். சாட்சியம் எதையும் பொதுவில் காட்டாமல், மூடிய கதவுக்குள் விசாரணை நடத்தி, 2024 ஜூலையில் 16 ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி அங்காராவில் நடந்த கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார். ரஷ்யா பதிலுக்குப் பெற்றவர்களில் ஒருவர், பெர்லினில் பட்டப்பகலில் கொலை செய்து ஜெர்மனியில் ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த வதீம் க்ராசிகோவ். 1986இல் கைதான நிக்கோலஸ் டேனிலாஃபுக்குப் பிறகு, உளவுக் குற்றச்சாட்டில் அங்கே பிடிபட்ட முதல் அமெரிக்க நிருபர் கெர்ஷ்கோவிச்தான். ஒரு நிருபரைச் சிறையில் வைத்துப் பேரம் பேசுவது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் மேல் தொங்கும் அச்சமாகிவிட்டது. வீட்டில் இதைப் பேசாமல் கிளம்பாதீர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. வெளிநாட்டு நிருபருக்கு ஒரு தூதரகம் உண்டு, குரல் கொடுக்க ஒரு நாடு உண்டு. அவரோடு வேலை செய்யும் ரஷ்ய உதவியாளருக்கும், அவரிடம் பேசும் ஆசிரியைக்கும், ஓட்டுநருக்கும் அது இல்லை. ரஷ்யப் பத்திரிகையாளர் இவான் சஃப்ரோனோவ் ராணுவ விவகாரங்களை எழுதியவர். தேசத்துரோகக் குற்றச்சாட்டில் 2022இல் 22 ஆண்டு தண்டனை பெற்றார். அவரை மீட்டுவரப் பரிமாற்ற விமானம் எதுவும் போகவில்லை. நோவயா கெஸெட்டா என்ற ரஷ்யப் பத்திரிகையின் அன்னா பொலித்கோவ்ஸ்கயா 2006 அக்டோபரில் தன் வீட்டுக் கட்டடத்தின் லிஃப்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். உங்களிடம் பேசியவரின் பெயரைப் போடலாமா, ஊரைச் சொல்லலாமா என்று ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவரே சம்மதித்தாலும், பெயரைப் போட்டால் அவருக்கு என்ன ஆகும் என்பதை யோசிக்கும் பொறுப்பு உங்களுடையது. தன் பெயர் போட்டு வரும் ஒரு நல்ல கட்டுரைக்காக ஒருவரைச் சிக்கலில் விடுகிறவர் இந்த வேலைக்கு வரவே கூடாது என்பேன்.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. 2022இல் ரஷ்யா வெளியிட்ட நட்பற்ற நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. மேற்கு நாட்டு நிருபருக்குத் திறக்காத சில கதவுகள் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் திறக்கலாம். ஆனால் நட்பு நாட்டு நிருபரிடம் நட்பான செய்தியை எதிர்பார்ப்பார்கள். துராந்தியிடமும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

தயாராவது எப்படி என்று கேட்டீர்கள். முதலில் மொழி. மொழிபெயர்ப்பாளரை நம்பிப் போகிறவர் அவர் சொல்வதை மட்டுமே கேட்பார். பேருந்தில் பின் இருக்கையில் நடக்கும் பேச்சு அவருக்குக் கிடைக்காது. சென்னை கஸ்தூரிரங்கன் சாலையில் உள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் மொழி வகுப்புகள் நடத்துகிறார்கள். மேலே படிக்க டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ரஷ்யப் படிப்பு இருக்கிறது. கூடவே பொருளாதாரம் படியுங்கள். எண்ணெய் வருமானம், பட்ஜெட், மாகாண ஆளுநர்களின் நியமனம் இவை புரிந்தால் கிரெம்ளின் பாதி புரிந்த மாதிரி. எடுத்தவுடன் பெரிய நிறுவனத்தில் மாஸ்கோ வேலை கிடைக்காது. ஏதாவது ஒரு செய்தி அறையில் ரஷ்யச் செய்திகள் உங்கள் மேசைக்கு வரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் ரஷ்ய மொழியிலேயே பத்திரிகை படியுங்கள், அரசுப் பத்திரிகை உட்பட. நேற்றுவரை தினமும் வந்த ஒரு பெயர் இன்றைக்கு ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தானாகக் கேள்வி எழத் தொடங்கும்போது, மாஸ்கோவுக்கு விண்ணப்பம் போடலாம்.