கிராமத்து மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை வார்டுக்காக நடந்து நிதி திரட்டப் போகிறோம். இன்குபேட்டர் வாங்கித் தரலாமா?

தரலாம். ஆனால் யாரிடமும் கேட்காமல் அதையே வாங்கிக் கொடுத்து அசடு வழிந்தவன் நான். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நண்பர்கள் 11 பேர். ஒரே மாதத்தில் ஆளுக்கு 200 கிலோமீட்டர் நடக்க வேண்டும், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் வசூலிக்க வேண்டும். காலில் கொப்புளம், பாதியில் கழன்றுகொண்ட இரண்டு பேர் எல்லாம் உண்டு, அதை விடுங்கள். பணம் நினைத்ததைவிட அதிகமாகவே சேர்ந்தது. அறிவிப்பில் ‘இன்குபேட்டர்’ என்று போட்டிருந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவு குழந்தை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எட்டு மாதம் கழித்து வார்டுக்குப் போனேன். எங்கள் இன்குபேட்டர் உறை போர்த்திச் சுவரோரம் நின்றது, மேலே கேஸ் ஷீட் கட்டு. பழுதானது குழந்தையின் உடம்புச் சூட்டை அளக்கும் சென்சார் வயர் மட்டும்தான். சர்வீஸுக்கு வர பக்கத்தில் ஆள் இல்லை. உதிரி பாகத்துக்கென்று நாங்கள் காசு எதுவும் ஒதுக்கவில்லை. (இது ஊருலகத்தில் நடக்காதது இல்லை. வளரும் நாடுகளின் மருத்துவமனைகளில் இருக்கும் கருவிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடப்பதாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது.)

நைட் டியூட்டி நர்ஸ் அக்கா திட்டவில்லை. “எங்களைக் கேட்டிருந்தா நாலு நாற்காலி கேட்டிருப்போம் தம்பி” என்றார், அவ்வளவுதான்.

எனக்கு விளங்கவில்லை. கூட்டிப் போய்க் காட்டினார். சிசேரியன் ஆன ஒரு பெண் கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்திருந்தார், முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் சுருட்டிய போர்வை. குறைமாதக் குழந்தை அவர் நெஞ்சில், தோலோடு தோலாக. இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் ஆரம்பித்தது. இல்லாத கொடுமைக்குச் செய்த ஏற்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி சொன்னது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை இன்குபேட்டரிலோ, மேலிருந்து சூடு தரும் வார்மரிலோ வைத்துக் காத்திருக்காமல், பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் சேர்த்தார்கள். முதல் 28 நாள் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. தாய்க்குக் கட்டில் போட்ட தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் அது நடந்தது. ஆக்சிஜன், மருந்து, ஆள் எல்லாம் கூடவே இருந்தன. அதனால் கருவியே வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை இப்படி வைத்திருக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது.

தையல் போட்ட வயிற்றோடு, சாய இடமில்லாமல் எட்டு மணி நேரம்! நாற்காலி அதற்குத்தான்.

இன்னொன்றும் பார்த்தேன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க பெரியவர்கள் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கிளிப்பைக் குழந்தையின் பாதத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தார்கள். குழந்தை காலை உதைத்தால் எண் எங்கேயோ ஓடும். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் ஆபத்து, கூடினால் கண்ணின் விழித்திரை கெடும். அப்படியிருக்க அளவு பார்க்கும் ப்ரோபே, அதாவது அந்தக் கிளிப்பே, சரியில்லை. பிரசவ அறையிலும் இதே கதைதான். பிறக்கும் குழந்தைகளில் சுமார் 10இல் 1 மூச்சுவிடச் சிரமப்படும். பெரும்பாலும் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். போதாவிட்டால் முதல் ஒரு நிமிடத்துக்குள் கையால் அழுத்தும் காற்றுப் பையையும் மாஸ்க்கையும் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும். அங்கே பை இருந்தது, குறைமாதக் குழந்தையின் முகத்துக்குப் பொருந்தும் சின்ன மாஸ்க் இல்லை.

மறுவருடம் கேட்டுக்கொண்டு நடந்தோம். நர்ஸ் அக்கா அரைத்தாளில் எழுதிக் கொடுத்தார்: சாய்வு நாற்காலி, பாதத்தில் சுற்றும் ப்ரோப், சின்ன மாஸ்க், பொம்மை வைத்துக் காற்று கொடுத்துப் பழகும் பயிற்சிக்கு ஒரு நாள், பழைய இன்குபேட்டருக்கு சென்சார் இரண்டு. ஒன்று மாட்ட, ஒன்று அலமாரியில் வைக்க. வசூல் போன வருடத்தில் பாதிகூட வரவில்லை. “நாற்காலிக்கா?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். அந்தக் கட்டில் விளிம்பை வர்ணித்த பிறகு சிலர் கொடுத்தார்கள்.

அப்புறம், பணம் உங்கள் சொந்தக் கணக்கில் விழ வேண்டாம். முதல் தடவை என் கணக்கில் விழுந்து, ஒரு வருடம் எல்லோருக்கும் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். வார்டுக் குழந்தைகளைப் படமெடுத்துப் போடுவதையும் விட்டுவிடுங்கள், நாற்காலியைப் படமெடுங்கள்.