வெண்டையில் சாம்பல் நோய்: கந்தகம் அடித்தும் வெள்ளை போகவில்லையா?

அண்ணா, குடியாத்தம் பக்கம் வெண்டைக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூள்) அடித்து நாலு நாளாகியும் வெள்ளைப் பூச்சு போகவில்லை, இலை ஓரம் வேறு கருகிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள்.

கந்தகம் இலைக்குள் ஊடுருவாது. மேலே படிந்து காவல் நிற்கும். புதிதாக வந்து விழும் பூஞ்சை வித்துக்குள் புகுந்து, அதன் சுவாசத்தைக் குலைத்து முளைக்கவிடாமல் செய்யும். பழைய வெள்ளை அப்படியேதான் தெரியும். புதுத் தளிரைப் பாருங்கள், அது பச்சையாக வந்தால் மருந்து பிடித்துவிட்டது.

கருகல் நம்ம வேலூர் வெயிலின் வேலை. சுமார் 32 டிகிரியைத் தாண்டினால் கந்தகமே இலையைச் சுடும். நானும் ஒரு சித்திரையில் உச்சி வெயிலில் அடித்து இரண்டு பாத்தியைப் பறிகொடுத்தவன்தான்.

லிட்டருக்கு 2 கிராம், வெக்கை தணிந்த நாளில், அடி இலையும் நனைய அடியுங்கள். அப்புறம், வேப்பெண்ணெய் அடித்திருந்தால் கந்தகம் அடிக்க இரண்டு வாரம் பொறுங்கள்.