கூடாரத்துக்கு வெளியே யார்? லுவாங்வா காட்டு முகாம்கள்: கேள்வி பதில்

சாம்பியாவின் கிழக்கே, தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு காட்டு முகாமின் சரக்கறையும் கணக்கும் என் பொறுப்பு. ஒன்பது வறட்சிக் காலங்களை அங்கே கழித்திருக்கிறேன். நான் வழிகாட்டி இல்லை. ஆனால் முகாமுக்குள் நுழையும் மிருகங்களில் பாதி சரக்கறையை மோப்பம் பிடித்து வருபவைதான். அதனால் அவற்றை நெருக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதிகம். இந்த வருடம் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகி): அக்கா, முகாமைச் சுற்றி வேலியே கிடையாது என்று படித்தேன். உண்மையா? எதற்காக அப்படி விடுகிறார்கள்?

உண்மைதான். வேலியும் இல்லை, மின்கம்பியும் இல்லை. மழை நின்று சாலை காய்ந்ததும், மே ஜூன் வாக்கில், மூங்கிலும் புல்லும் கழியும் வைத்து முகாமைக் கட்டுவோம். அக்டோபர் முடிந்து நவம்பர் மழை வருவதற்குள் பிரித்துவிடுவோம். சில மாதம் மட்டும் நிற்கும் இடம் அது. மிருகங்களின் பாதையோ எத்தனையோ தலைமுறையாக அங்கே இருப்பது.

இதில் தண்ணீர்தான் முக்கியம். மழைக்காலத்தில் காடு முழுக்கக் குட்டைகள் நிரம்பியிருக்கும். மிருகங்கள் சிதறிக் கிடக்கும். ஜூலை தாண்டினால் உள்காட்டுக் குட்டைகள் ஒவ்வொன்றாக வற்றும். கடைசியில் மிஞ்சுவது லுவாங்வா ஆறும், அது திசை மாறி ஓடியபோது விட்டுச்சென்ற வளைந்த குளங்களும்தான். முகாமும் அந்தக் கரையில்தான் இருக்கிறது. மிருகங்கள் நம்மைத் தேடி வருவதில்லை. அவை தண்ணீருக்குப் போகிற வழியில் நாம் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறோம். இது மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து ஒருவர்): போன ஆகஸ்டில் ஒரு முகாமில் தங்கினோம். இரவு முழுக்கக் கூடாரத்தை ஒட்டி ஏதோ 'சரக், சரக்' என்று மென்றுகொண்டே இருந்தது. மனைவி தூங்கவேயில்லை. அது என்னவாக இருக்கும்?

அநேகமாக நீர்யானை. பல்லால் கடிக்காமல், அகன்ற உதட்டால் புல்லைப் பற்றிப் பிய்க்கும். அந்தச் சத்தம் ஒரே தாளத்தில் வரும். நடுநடுவே ஒரு கனத்த பெருமூச்சும் கேட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். உலகத்திலேயே நீர்யானை மிக நெருக்கமாக வாழும் ஆறுகளில் லுவாங்வாவும் ஒன்று. இருட்டியதும் கரையேறி, ஒரு இரவில் நாற்பது கிலோ வரை புல் தின்று, விடியுமுன் ஆற்றுக்குத் திரும்பிவிடும்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: கூடாரத்துக்குள் இருக்கும் வரை அது உங்களைச் சீண்டாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நீர்யானைக்குப் பயம் வந்தால் அது தண்ணீரை நோக்கித்தான் ஓடும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் யார் நின்றாலும் இடித்துத் தள்ளிவிட்டுப் போகும். அதனால்தான் எங்கள் முகாமில் பொழுது சாய்ந்தபின் யாரும் தனியாக ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. சாப்பாட்டு இடத்திலிருந்து கூடாரத்துக்கு முப்பது அடிதான் என்றாலும் காவலர் டார்ச்சோடு கூட வருவார். "பக்கத்தில்தானே" என்று கிளம்பிய விருந்தினர்களை நானே கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

அக்டோபரில் இன்னொன்று கவனிக்க வேண்டும். கரையோரப் புல் தீர்ந்திருக்கும். பசித்த நீர்யானை பட்டப்பகலிலும் மேய வெளியே வரும். பகல்தானே என்று அப்போது அசட்டையாக இருக்கக் கூடாது.

கேள்வி (சென்னை): முகாமுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவரக் கூடாது என்று ஒரு நண்பர் சொன்னார். இது மூடநம்பிக்கையா?

இல்லை, முழு உண்மை. ஜிம்பாப்வேயில் ஜாம்பேசிக் கரையில் இருக்கும் மானா பூல்ஸ் பூங்காவில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். எலுமிச்சை வகைப் பழம் எதுவும் உள்ளே வரக் கூடாது. யானைக்கு அந்த வாசனை அவ்வளவு பிடிக்கும். ஒருமுறை தின்ற யானை, கார், கூடாரம், பெட்டி எல்லாவற்றிலும் அதைத் தேட ஆரம்பித்துவிடும். மனிதனை நெருங்கப் பழகிய யானை ஒருநாள் யாரையாவது நசுக்கும். அப்புறம் அந்த யானையைச் சுட்டுவிடுவார்கள். ஒரு பழத்துக்காக ஒரு யானை சாக வேண்டுமா?

என்னுடைய மூன்றாவது வருடம், ஒரு விருந்தினர் நான்கு ஆரஞ்சுகளைப் பையில் வைத்திருந்தார். எங்களிடம் கொடுத்தார். உடனே மூன்று உறை போட்டு மூடி ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். நான் "காலையில் பார்க்கலாம்" என்று சரக்கறையில் வைத்தேன். அதிகாலை மூன்று மணிக்கு ஒரு ஆண் யானை புல் சுவரில் தலையை வைத்து லேசாக அழுத்தியது. அவ்வளவுதான், சுவர் பாயைப் போல மடங்கிவிட்டது. நிதானமாகத் துதிக்கையை நீட்டி, மாவு மூட்டை, எண்ணெய், அரிசி எதையும் தொடாமல், அந்த நான்கு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. நானும் சமையல்காரரும் பின்பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் சின்யாஞ்சா மொழியில் "ஞ்ஜோவு, ஞ்ஜோவு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். யானை என்று பொருள். அந்தத் தவறு என்னுடையது. அதற்குப் பிறகு விருந்தினர் பையில் பழம் இருக்கிறதா என்று வந்தவுடனே கேட்டுவிடுகிறேன்.

தண்ணீருக்காகவும் யானைகள் வரும். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் வேண்டும். ஆறு பக்கத்தில் ஓடினாலும், குளிப்பதற்காக நாம் தூக்கி வைத்திருக்கும் வாளித் தண்ணீர் சுத்தமானது என்று அவற்றுக்குத் தெரியும். மணல் ஆற்றில் ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீரைக் குடிக்கிற மிருகம் அல்லவா!

கேள்வி (அதே சென்னை வாசகர்): யானை நம்மை நோக்கி வந்தால் சும்மா மிரட்டுகிறதா, உண்மையிலேயே தாக்க வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காதை அகல விரித்து, தலையை உயர்த்தி, பிளிறி, மண்ணை வாரி எறிந்தால் பெரும்பாலும் மிரட்டல். காதைப் பின்னால் ஒட்டவைத்து, துதிக்கையை உள்ளே சுருட்டி, சத்தமில்லாமல் தலை தாழ்த்தி வந்தால் அது வேறு. ஆனால் இதை மனப்பாடம் செய்துகொண்டு நீங்களே தீர்மானிக்க வேண்டாம். வழிகாட்டி 'நில்' என்றால் நில்லுங்கள், 'பின்னால் நகரு' என்றால் நகருங்கள். குட்டியோடு இருக்கும் தாய்க்கு எப்போதும் கூடுதலாக இடம் விட வேண்டும்.

கேள்வி (மதுரை): மேடம், சிங்கம் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வராதா? அங்கே மனிதரைத் தின்ற சிங்கம் இருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இருந்தது. 1991-இல் பூங்கா வாசலில் இருக்கும் ம்ஃபுவே பகுதியில் ஒரு சிங்கம் ஆறு பேரைக் கொன்றது. அதைச் சுட்ட பிறகு உடல் அமெரிக்கா போனது. சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. பலியானவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை, ஊர்க்காரர்கள். இதைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்வது எனக்குப் பிடிக்காது.

கூடாரத்தைப் பொறுத்தவரை, ஜிப்பை முழுக்க மூடியிருந்தால் சிங்கத்துக்கு அது ஒரு பாறை மாதிரிதான். சுற்றி முகர்ந்து பார்க்கும், சில சமயம் கயிற்றை இழுத்து விளையாடும், போய்விடும். காற்றுக்காகக் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதும், இருட்டில் வெளியே எட்டிப் பார்ப்பதும்தான் வினை. வெயில் காலத்தில் திறந்து வைக்கத் தோன்றும். வலைக் கதவையாவது மூடியே வைக்க வேண்டும். தரை வரை மூட வேண்டும்.

கழுதைப்புலி வேறு ரகம். தோல் செருப்பு, பெல்ட், எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலி, எதை வெளியே விட்டாலும் தூக்கிக்கொண்டு போய் மெல்லும். செருப்பை உள்ளே வையுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பாம்பு, தேள்?

குளிர்ந்த ஜூன், ஜூலையில் குறைவு. செப்டம்பருக்குப் பிறகு அதிகம். பஃப் ஆடர் விரியன் பாதையிலேயே அசையாமல் படுத்திருக்கும். எனவே டார்ச் ஒளி காலடியில் விழ வேண்டும். காலணியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

கேள்வி (துபாய்): கறுப்பும் நீலமும் போடக் கூடாதாமே?

ட்செட்சே என்ற கடிக்கும் ஈக்காக. அந்த இரண்டு நிறமும் அதை ஈர்க்கும். ஈப்பொறித் துணிகளையே கறுப்பிலும் நீலத்திலும்தான் தைக்கிறார்கள். காக்கி, சாம்பல், மண் நிறம் நல்லது. மலேரியா மாத்திரைக்குப் புறப்படும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். வறட்சிதானே என்று விட்டுவிட வேண்டாம்.

கேள்வி (பெங்களூர்): நடைப் பயணம் போக ஆசை, பயமும் இருக்கிறது. கால்நடையாகப் போகும்போது எந்த மிருகத்துக்கு அதிகம் பயப்பட வேண்டும்?

தனியாகத் திரியும் கிழட்டு ஆண் எருமைக்கு. கூட்டத்தை விட்டு ஒதுங்கி, சேற்றில் புரண்டு கிடக்கும் இவற்றை 'டாகா பாய்ஸ்' என்பார்கள். டாகா என்றால் சேறு. கூட்டத்தில் இருக்கும் எருமை ஓடிவிடும். இது புதருக்குள் படுத்திருக்கும், கிட்டத்தில் போனபின்தான் எழும். மிரட்டல் எல்லாம் கிடையாது, நேராக வரும்.

ஆனால் நீங்கள் போக வேண்டும் என்றுதான் சொல்வேன். முன்னால் துப்பாக்கியோடு பூங்காத் துறைக் காவலர், அடுத்து வழிகாட்டி, பின்னால் ஒற்றை வரிசையில் நீங்கள். சாம்பல் நிறைத்த சின்னத் துணிப் பையைத் தட்டி, சாம்பல் பறக்கும் திசையைப் பார்த்து, மிருகத்துக்கு நம் வாடை போகாதபடி அழைத்துப் போவார்கள். நம்மால் முடிந்தது ஒன்றே ஒன்று: என்ன நடந்தாலும் ஓடாமல் இருப்பது. கால்கள் கேட்காது, தெரியும். பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், உதவும்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு ஆசிரியை): அக்டோபரில் குளங்கள் வற்றி மிருகங்கள் தவிக்கும் வீடியோ பார்த்து அழுதுவிட்டேன். இத்தனை பணம் வாங்கும் முகாம்கள் தண்ணீர் ஊற்றக் கூடாதா?

அம்மா, எனக்கும் முதல் வருடம் தாங்கவில்லை. குளம் சுருங்கச் சுருங்க, ஐம்பது அறுபது நீர்யானைகள் சேற்றில் முதுகோடு முதுகு உரசிக் கிடக்கும். மூப்பும் மெலிவும் உள்ளவை சாகும். 1987-இல் ஆந்த்ராக்ஸ் நோய் பரவி இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கில் செத்தன.

ஆனாலும் செயற்கையாகத் தண்ணீர் விடுவது சரி என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் நிற்கும் இடத்தில் யானையும் எருமையும் தங்கிவிடும். சுற்றியுள்ள மரம், புல் எல்லாம் மொட்டையாகும். வற்றுவதால்தான் உள்காடு சில மாதம் ஓய்வெடுக்கிறது. அந்தச் சேற்றுக் குளத்தையும் இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள். சிக்கிய கெளுத்தி மீனுக்காக மஞ்சள் மூக்கு நாரையும் மராபு நாரையும் பெலிக்கனும் குவிந்திருக்கும். அவற்றுக்கு அது விருந்துக் காலம்.

காடும் கைவிடுவதில்லை. வின்டர்தார்ன் என்று ஒரு மரம். மழையில் இலை உதிர்த்து, வறட்சியில் பச்சையாக நிற்கும். வேறெங்கும் தீனி இல்லாத செப்டம்பர், அக்டோபரில் அதன் சுருண்ட காய்கள் உதிரும். யானை மரத்தை உலுக்கிப் பொறுக்கும். இம்பாலா மான்கள் பின்னாலேயே வந்து மிச்சத்தைத் தின்னும். அதற்குச் சற்று முன்னால் சாசேஜ் மரத்தின் சிவப்புப் பூக்கள் விழும். நம்மூர்ப் பூங்காக்களில் நீளக் காய் தொங்குமே, அதே மரம்தான். விழுந்த பூவுக்காகப் புக்கு மான்கள் காலையிலேயே மரத்தடியில் காத்திருக்கும்.

கேள்வி (டொரோண்டோ): நாம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். அங்கேயே வாழும் மக்கள் என்ன செய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நன்றி. எனக்குத் துப்பாக்கிக் காவலர் இருக்கிறார். ஆற்றின் எதிர்க்கரையில் சோளம் போட்டிருக்கும் குண்டா இனத்து அம்மாவுக்கு யாரும் இல்லை. யானை ஒரே இரவில் ஒரு வருடத்துச் சாப்பாட்டை முடித்துவிடும். மிளகாய்த் தூளை யானைச் சாணத்தில் பிசைந்து கட்டியாக்கி, வயல் ஓரத்தில் புகையவிடுகிறார்கள். அந்தக் காரம் யானைக்கு ஆகாது. மிளகாயையே பயிராகவும் போடுகிறார்கள். சிலர் இறைச்சிக்காகக் கம்பிச் சுருக்கு வைப்பதும் நடக்கிறது. மானுக்கு வைத்ததில் சிங்கமும் காட்டுநாயும் சிக்கும். பசியில் வைத்தவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சுற்றுலாப் பணம் அந்த ஊர்களுக்குப் போய்ச் சேராததுதான் கோபம் தருகிறது.

1950-லேயே நார்மன் கார் என்பவர் இங்கே நசெஃபு என்ற உள்ளூர் இனத் தலைவரோடு பேசி, வருமானம் அந்த மக்களுக்கே போகும்படி ஒரு முகாம் தொடங்கினார். முன்பதிவு செய்யும்போது "ஊருக்கு என்ன செய்கிறீர்கள்? பள்ளிக்கூடம் நடத்த உதவுகிறீர்களா? வேலைக்கு எத்தனை உள்ளூர் ஆட்கள்?" என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத முகாமை விட்டுவிடுங்கள்.

கேள்வி (சேலம்): எந்த மாதம் போகலாம்? பத்து வயதுப் பையன் கூட வருகிறான்.

ஜூன், ஜூலையில் காலை நல்ல குளிர்; காடு இன்னும் அடர்த்தி, மிருகம் கண்ணில் படுவது சற்றுக் குறைவு. அக்டோபரில் நாற்பது டிகிரியைத் தாண்டும், ஆனால் எதையும் தேட வேண்டியதில்லை, எல்லாம் ஆற்றங்கரையில்தான். நான் செப்டம்பரைத்தான் சொல்வேன். செந்நிறப் பஞ்சுருட்டான் பறவைகள் ஆற்றின் செங்குத்தான மண்கரையில் ஆயிரக்கணக்கில் வளை தோண்டி முட்டையிடும் நேரம் அது. படகில் கரையோரம் போனால் ஒரு சிவப்புப் புடவையை உதறியது போல மொத்தமாக எழும்பும்.

பையனைப் பற்றி: பெரும்பாலான முகாம்களில் நடைப் பயணத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு வயது வேண்டும். இந்த முறை ஜீப்பில் கூட்டிப் போங்கள், இரவு ஜீப் பயணத்துக்கும் கேட்டுப் பாருங்கள். சிறுத்தையை அவன் அப்போதுதான் பார்ப்பான். நடப்பதற்கு இரண்டு வருடம் கழித்து மறுபடி வரலாம்.