ஐசியூவிலிருந்து வந்த அப்பாவுக்கு எவ்வளவு இன்சுலின், எவ்வளவு சோறு?

கேள்வி: டொக்டர், நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, வயல் செய்கிறவர். 12 வருடமாகச் சீனி வருத்தம். மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. மெலியோய்டோசிஸ் என்ற கிருமித் தொற்று என்று சொல்லி 16 நாள் ஐசியூவில் வைத்திருந்தார்கள். அதில் 9 நாள் மெஷினில்தான் மூச்சு. துண்டு வெட்டி வீட்டுக்கு வந்து மூன்று கிழமை ஆகிறது. 64 கிலோ இருந்தவர் இப்போது 51 கிலோ. காலையும் இரவும் கலப்பு இன்சுலின், அதோடு சீனிக்குக் கிளிக்லசைட், பிரஷருக்கு லொசாட்டன், கிருமிக்கு மூன்று மாதத்துக்குக் கோட்ரைமொக்சசோல் குளிசை. முன்பு ஊசியைத் தானே போட்டவர், இப்போது போட்டாரா இல்லையா என்று அவருக்கே ஞாபகம் இல்லை. போன வெள்ளி விடியற்காலை வேர்த்து நனைந்து, பேச்சுக் குழறி, பார்த்தால் சீனி 48. பகலில் சோறு சாப்பிட்டால் 280 வரைக்கும் போகிறது. அம்மா பயந்து சோற்றை நிறுத்திக் கஞ்சிதான் கொடுக்கிறா. இரவில் "கட்டை அவிழ்த்து விடு" என்று கத்துகிறார். அறுவடைக்கு வயலுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். பழையபடி ஆவாரா?

பதில்: மகள், உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது அந்த 48. அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே அப்பாவையும், மருந்துப் பையையும், வெட்டிய துண்டையும் எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்த வைத்தியசாலைக்குப் போங்கள். இன்று இரவு ஊசிக்கு முன் சீனியைப் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால், அல்லது அவர் சாப்பிட மறுத்தால், வழக்கமான அளவைப் போடாமல் வோட்டுக்கு அழைத்துக் கேளுங்கள். சாப்பிடாத வேளைக்குக் கிளிக்லசைட்டும் வேண்டாம்.

ஏன் இந்த அவசரம் என்று சொல்கிறேன். ஐசியூவில் இருக்கும்போது கிருமி உடம்பு முழுக்கப் பரவியிருக்கும். உடம்பு அதை எதிர்க்கச் சுரக்கும் ஹோர்மோன்கள் சீனியை மேலே தள்ளும். அதனால் இன்சுலினும் கூடுதலாகத் தேவைப்படும். கிருமி அடங்க அடங்க அந்தத் தேவை கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டு வரும். துண்டில் எழுதிய அளவோ வீட்டுக்கு வந்த அன்றைய உடம்புக்கு எழுதியது. அதற்குப் பிறகு மூன்று கிழமை போய்விட்டது.

அப்புறம், இந்த மருந்துப் பட்டியலில் நான் விரல் வைக்கிற இடம் ஒன்று உண்டு. கோட்ரைமொக்சசோலும் கிளிக்லசைட்டும் சேர்ந்தால் கிளிக்லசைட்டின் வேகம் கூடும், சீனி எதிர்பாராமல் இறங்கும். சிறுநீரகம் களைத்திருந்தால் இன்சுலினும் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். கடும் கிருமித் தொற்றில் சிறுநீரகம் அடிபடுவது மிகச் சாதாரணம். ஆக, இறக்குகிற காரணங்கள் மூன்று ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. கோட்ரைமொக்சசோலும் லொசாட்டனும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், அது இதயத் துடிப்பைக் குழப்பும். நாளைக்குப் போகும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை.

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டுக் கோட்ரைமொக்சசோலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெலியோய்டோசிஸ் கிருமி உடம்புக்குள் ஒளிந்திருந்து திரும்பி வரக்கூடியது. முதல் கட்டத்தில் ஊசி மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள், அதற்குப் பிறகு குளிசை குறைந்தது மூன்று மாதம் என்று வைத்திருப்பது அதற்காகத்தான். குறைக்க வேண்டியது கிளிக்லசைட்டா, இன்சுலினா என்று உங்கள் வைத்தியர் முடிவு செய்வார். என் அனுபவத்தில் இப்படி ஒரு நிலையில் கிளிக்லசைட்டைத்தான் முதலில் நிறுத்தி வைப்போம்.

மறுபடியும் வேர்வை, நடுக்கம், குழறல் வந்தால் சீனி பார்க்கும் மெஷினைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கோப்பை தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் பாருங்கள். 70க்கு மேலே வரவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. தெளிந்த பிறகு ஒரு வேளைச் சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். கிளிக்லசைட் சாப்பிடுகிறவருக்கு ஒரு தடவை இறங்கிய சீனி சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கக்கூடும், அன்று முழுக்க ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, பகலில் 280 ஏறுகிறதே, அதை என்ன செய்வது? இதற்கு விடை அப்பாவின் தொடையில் இருக்கிறது. இன்சுலின் வேலை செய்யும்போது சாப்பாட்டுச் சீனியின் பெரும் பங்கை இழுத்துக்கொள்வது தசை. லண்டனில் ஐசியூ நோயாளிகள் 63 பேரின் தொடைத் தசையை ஸ்கேன் செய்து பார்த்து 2013இல் ஒரு ஆய்வு வந்தது. பத்தே நாளில் அந்தத் தசையின் குறுக்களவு ஏறக்குறைய 18 சதவீதம் கரைந்திருந்தது. அப்பாவிடமிருந்து போன 13 கிலோவிலும் தசை நிறையப் போயிருக்கும். சீனியை வாங்கி வைக்கிற களஞ்சியம் சுருங்கிவிட்டது, அதனால் சாப்பிட்டதும் ஏறுகிறது. உடம்பில் கையிருப்பும் இல்லை, அதனால் சாப்பிடாத இரவில் விழுகிறது.

இந்த நிலையில் கஞ்சி இரண்டு பக்கமும் கெடுக்கும். தண்ணியாக வடிகிற மாச்சத்து விரைவாகச் சீனியை ஏற்றும், விரைவாகக் கரைந்து போகும், தசை கட்ட அதில் ஒன்றும் இல்லை. அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். சீனி வருத்தம் என்றால் பத்தியம் என்று நாங்கள்தான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். இப்போது அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அவரைப் பட்டினி போடாதீர்கள், இந்த மூன்று மாதமும் சாப்பாடும் மருந்துதான்.

சோறு வரட்டும், தவிடு நீக்காத நாட்டரிசியில் அளவாக. சாப்பாட்டுத் தட்டில் பாதிக்கு வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, கத்தரிக்காய். மிச்சத்தில் கட்டாயம் மீன் அல்லது முட்டை. 51 கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்குப் புரதம் 60 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். வாவி மீனோ, கடல் மீனோ, சின்னச் சூடையோ, எது மலிவோ அது போதும். பொரிக்காமல் கறியாக வையுங்கள். அவித்த பயறு, கௌபி காலைக்கு நல்லது. எருமைத் தயிர் எங்கள் ஊரின் பெருமை, ஒரு சின்னக் கிண்ணம் தாராளமாகக் கொடுக்கலாம், பாணி மட்டும் ஊற்ற வேண்டாம். மூன்று பெரிய வேளையாக இல்லாமல் ஐந்தாறு சின்ன வேளையாகப் பிரித்தால் குமட்டலும் குறையும், சீனியும் குதிக்காது. கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்று சொன்னால் புரத அளவை மட்டும் வைத்தியரிடம் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு எந்த எண்ணைப் பிடிக்க வேண்டும்? இவரைப் போல மெலிந்து களைத்தவருக்குக் காலை வெறும் வயிற்றில் 90க்கும் 150க்கும் இடையில், படுக்கும்போது 100க்கும் 180க்கும் இடையில் இருந்தால் எனக்குத் திருப்தி. "இறுக்கிப் பிடித்தால் நல்லது" என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது. 2001இல் பெல்ஜியத்தில், ஐசியூவில் சீனியை மிக இறுக்கமாக வைத்தபோது இறப்பு குறைந்ததாக ஒரு ஆய்வு சொன்னது. உலகம் முழுக்க அதைப் பின்பற்றப் பார்த்தோம். 2009இல் 6,104 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு வெளிவந்தது. இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள். 180க்குள் விட்டுப் பிடித்தவர்களில் 24.9 சதவீதம். கடுமையாகச் சீனி இறங்கியது முதல் பிரிவில் 6.8, இரண்டாவதில் 0.5 சதவீதம். அடிபட்ட உடம்புக்குத் தாழ்ந்த சீனி எவ்வளவு கெடுதி என்று நான் அந்த எண்களிலிருந்துதான் படித்தேன். மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி பரிசோதனையை இப்போது நம்ப வேண்டாம். இரத்தம் ஏற்றியிருந்தாலோ இரத்தச்சோகை இருந்தாலோ அது பொய் சொல்லும். விரலில் குத்திப் பார்ப்பதுதான் இப்போதைக்குச் சாட்சி. ஸ்ட்ரிப் விலை எனக்குத் தெரியும். இரண்டே தடவைதான் முடியும் என்றால் வெறும் வயிற்றிலும் படுக்கும்போதும் பாருங்கள். மருந்தளவு மாற்றிய மூன்று நாட்களுக்கு மட்டும் இரவு 3 மணிக்கும் ஒரு தடவை.

ஊசி இனி உங்கள் கையில் இருக்கட்டும். போட்ட உடனே ஒரு கொப்பியில் நேரம், அளவு, சீனி மூன்றையும் எழுதுங்கள். எழுதாத ஊசியைப் போடாத ஊசி என்று நினைத்து இரண்டாவது தடவை போட்டுவிடுவதுதான் ஆபத்து. சந்தேகம் என்றால் போடாமல் விடுவது மேல். அப்பா இதை அவமானமாக நினைப்பார். 12 வருடம் தன் வருத்தத்தைத் தானே பார்த்த மனிதர். அவருக்கு அந்தக் கொப்பியைக் காட்டி, அன்றைய எண்ணை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். ஞாபகம் தேறத் தேற, உங்கள் கண்முன்னால் அவரே ஊசியில் மருந்தை இழுக்கட்டும். பிறகு முழுவதையும் கொடுத்துவிடலாம்.

அந்த மறதி அவருடைய பிடிவாதமோ வயதோ என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 821 ஐசியூ நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2013இல் வந்த ஆய்வில், மூன்று மாதம் கழித்தும் பத்தில் நான்கு பேருக்கு நினைவும் சிந்தனையும் நடுத்தரத் தலைக்காயம் பட்டவர்களின் அளவுக்குக் குறைந்திருந்தது. இளம் வயதினரும் அதில் இருந்தார்கள். தசை, மூளை, மனம் மூன்றும் சேர்ந்து அடிபடுகிற இந்த நிலைக்கு ஐசியூவுக்குப் பிந்திய கூட்டுக்கோளாறு என்று பெயர் வைத்து 2012 முதல் எழுதி வருகிறார்கள். சீனி இறங்குவதும் மறதியைக் கூட்டும், ஆகவே முதலில் அதைத் திருத்துவோம்.

"கட்டை அவிழ்த்து விடு" என்பது என் மனதைத் தொட்டது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்டியிருக்கலாம். மயக்க மருந்திலும் காய்ச்சலிலும் கிடந்த மூளை, அதை யாரோ பிடித்துக்கொண்டு போனதாக எழுதி வைத்திருக்கும். பேய் பிடித்தது, செய்வினை என்று அலைய வேண்டாம். பகலில் பக்கத்தில் இருந்து நடந்ததைக் கதையாகச் சொல்லுங்கள்: எந்த நாள் கொண்டுபோனோம், எப்போது குழாய் வைத்தார்கள், யார் பார்க்க வந்தார்கள், எந்த நாள் கண் திறந்தீர்கள். ஐரோப்பாவில் ஆறு நாடுகளில் தாதிமாரும் குடும்பத்தாரும் இதை நாட்குறிப்பாக எழுதி நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும், கொடுக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் பயங்கர நினைவுகள் திரும்பத் திரும்ப வந்து வாட்டுகிற மனவடு நோய் புதிதாக வந்தது. மாதக்கணக்கில் நித்திரை வராமல் இருந்தால், வாழ்ந்து என்ன என்று பேசினால், மனநல வைத்தியரைப் பார்ப்பதற்குத் தாமதிக்க வேண்டாம்.

உடற்பயிற்சியைக் கதிரையிலிருந்து தொடங்குங்கள். கையூன்றாமல் எழும்பி உட்காருவது ஐந்து தடவை, காலையும் மாலையும். பிறகு வாசல் வரை, வேலி வரை, கோயில் சந்தி வரை. நடப்பதற்கு முன் சீனி 100க்குக் கீழே என்றால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும்.

பழையபடி ஆவாரா என்று கேட்டீர்கள். கனடாவில் நுரையீரல் பழுதாகி ஐசியூவில் கிடந்து பிழைத்த 109 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். அவர்களின் நடு வயது 45தான். வருட முடிவில் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே மூன்று கிழமையில் எதையும் முடிவுகட்ட முடியாது. முதல் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறுவார், பிறகு மெல்ல மெல்ல. கொஞ்சக் களைப்பு தங்கிவிடலாம். பொய் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை.

அறுவடை விஷயம். அந்தக் கிருமி எங்கள் வயல் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது, காலில் உள்ள சின்ன வெடிப்பு போதும் உள்ளே போக. சீனி வருத்தக்காரரைத்தான் அது அதிகம் பிடிக்கும்: டார்வின் நகரில் 20 வருடம் பார்த்த 540 நோயாளிகளில் 39 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. ஆகவே இந்தப் போகம் சேற்றில் கால் வைக்க வேண்டாம். ஆனால் போகவே கூடாது என்று வீட்டில் பூட்டி வைக்கவும் வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருத்தி வயல் வாடி வரைக்கும் கூட்டிப் போங்கள். முழங்கால் வரை பூட்ஸ், கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல், சட்டைப் பையில் ஒரு சீனிப் பொட்டலம். நிழலில் கதிரை போட்டு இருத்திவிட்டால் எத்தனை மூட்டை என்று அவரே எண்ணட்டும், அந்தக் கணக்கையும் கொப்பியில் அவரே எழுதட்டும்.